ஒன்பதாவது வரை படித்தவனின் பாஸ்போர்ட்

வெளிநாட்டு வேலை கேட்டு வருகிற பையனிடம் ஏஜென்ட் முதலில் விசாரிப்பது படிப்பைத்தான்.

“தம்பி, டென்த் பாஸா?”

“இல்லண்ணே. நைன்த் வரைக்கும்தான்.”

“அப்ப ஈசிஆர். கொஞ்சம் சுத்திதான் போவணும்.”

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் டீக்கடைகளில் காதில் விழக்கூடிய பேச்சு இது. பையனுக்குக் கம்பி கட்டத் தெரியுமா, ஏற்கெனவே பெங்களூரில் நான்கு வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவனா என்பதெல்லாம் பிறகு வரும். பத்தாம் வகுப்புத் தேறியவனா இல்லையா என்பதில்தான் அவன் எந்த வழியாக நாட்டைவிட்டு வெளியேறுவான் என்பது முடிவாகிறது. குடிநுழைவுச் சிக்கல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது துபாய் விமான நிலையத்துக் கவுன்ட்டரும் அமெரிக்கத் தூதரக வாசலில் நிற்கும் வரிசையும். கச்சிராயபாளையத்துக்காரனுக்கு அது உள்ளூர் அரசுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்காக நாட்டைவிட்டுப் போகிற குடிமகன், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும் என்கிறது அதன் 22ஆம் பிரிவு. நடைமுறையில் இந்த அனுமதி எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு வேண்டாம். வருமான வரி கட்டுகிறவருக்கு வேண்டாம். ஐம்பது வயது தாண்டியவருக்கும், ஏற்கெனவே மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கும் வேண்டாம். மிச்சமிருப்பவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று பொருள்படும் ஒரு வரி அச்சாகிறது. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஈசிஆர். அந்த வரி பதினெட்டு நாடுகளுக்கு மட்டும் செல்லுபடியாகும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான் என்று போகிறது பட்டியல். ஒன்பதாவது வரை படித்தவன் வேலைக்குப் போகக்கூடிய நாடுகள் பெரும்பாலும் இவைதான். கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போக அவனுக்கு இந்தச் சோதனை கிடையாது. அங்கே அவனை யாரும் கூப்பிடப்போவதும் இல்லை.

வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கில் சொன்னது. பாஸ்போர்ட் சட்டம் வந்ததே அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்துதான். 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கிய வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அரசின் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. சட்டக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ஐந்தே ஆண்டுகள் கழித்து வந்த சட்டம் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களைத் தனி வரிசையில் நிறுத்தியது. அந்த வரிசையைப் பற்றி அதே அளவுக்குப் பேச்சு எழவில்லை. அதில் நிற்பவர்கள் வழக்குப் போடுகிறவர்கள் அல்லர்.

கச்சிராயபாளையத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் வழியில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். பக்கத்தில் கோமுகி அணை. ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கீழே கரும்பும் நெல்லும், மேலே மரவள்ளி, மக்காச்சோளம், சாமை, கடுக்காய். சமவெளிப் பையன்கள் சவூதி, சிங்கப்பூர், மலேசியா என்று போகிறார்கள். மலையிலிருந்து இறங்குகிற மலையாளிப் பழங்குடியினரில் கடல் கடப்பவர் குறைவு. அவர்களுடைய வெளியூர் கேரளத்து மிளகுத் தோட்டம், கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், திருப்பூர். சிலருக்கு ஆந்திரத்துச் செம்மரக் காடு. அதற்கு அவர்கள் கொடுத்த விலை தனிக் கதை.

மலை மீது 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி. நாடு சுதந்திரமடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கே நிலவரி அவர்களுக்குத்தான் போனது. பள்ளிக்கூடம், சாலை, ஆஸ்பத்திரி, பிறப்புப் பதிவு எல்லாம் அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறின. இன்னும் முழுக்க ஏறிவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோதுதான், சாராயம் காய்ச்சும் இடமாகக் கல்வராயன் மலையின் பெயர் பலர் காதில் விழுந்தது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலையையும் ரேஷன் அட்டையையும் பற்றி அரசிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஜாகீர் ஒழிந்த வருடத்தில் அந்த மலையில் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கிறேன். ஊரில் பள்ளி இல்லாததால் படிக்கவில்லை. அதனால் ஈசிஆர். இப்போது ஐம்பது வயதாகிறது, சோதனையிலிருந்து விலக்கு வந்துவிட்டது. இனி அரசின் அனுமதி இல்லாமலே சவூதிக்குக் கூலி வேலைக்குப் போகலாம். ஐம்பது வயதுக்காரனைப் புதிதாகக் கட்டட வேலைக்கு எடுக்கிற கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை. அரசு பள்ளிக்கூடம் கட்டித் தராத குறையை, அந்தப் பள்ளியில் படிக்காதவனின் பாஸ்போர்ட்டில் அச்சடிப்பதை என்னால் பாதுகாப்பு என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயர் விஷயம் இதைவிட நுட்பமான தொல்லை. நம் பையனுக்கு அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பமோ இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறது. ஒருவன் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுகிறான். இன்னொருவன் அப்பா பெயரை அதில் போடுகிறான். மூன்றாமவன் ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தது. தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று சில நாட்களில் விளக்கமும் வந்தது. அதற்குள் டிக்கெட் எடுத்தவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். சாதிப் பெயரை வாலாகச் சேர்க்காமல் விட்டது இந்த மாநிலம் பெருமைப்படுகிற காரியம். அதற்கு விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறந்த தேதியும் அப்படியே. இந்தப் பக்கத்தில் ஒரு வயதுக்காரர்களின் சான்றிதழ்களை அடுக்கிப் பார்த்தால் மே, ஜூன் மாதங்களில் எக்கச்சக்கமான பிறந்தநாள்கள் வரும். பள்ளியில் சேர்க்க வந்த அன்று வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட தேதிகள். அம்மாவிடம் கேட்டால் ‘கோமுகியில பெருவெள்ளம் வந்த ஐப்பசி’ என்பாள். அந்த ஐப்பசி ஆதாரில் ஒரு மாதிரியும் மாற்றுச் சான்றிதழில் வேறு மாதிரியும் ஏறிவிட்டால், போலீஸ் விசாரணை வரும்போது பையன் இரண்டு ஆளாகிவிடுகிறான்.

சரி, சட்டம் காட்டும் நேர்வழி எப்படி? ஏஜென்ட் மத்திய அரசில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், அதற்கு 50 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும். வெளிநாட்டு முதலாளி ‘இ-மைகிரேட்’ என்ற அரசுத் தளத்தில் பதிந்து, சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் எல்லாம் போட்ட ஒப்பந்தத்தை ஏற்ற வேண்டும். தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்குப் பத்து லட்சம் கிடைக்கும். ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. காகிதத்தில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஒழுங்காக நடக்கிற இடங்களில் இதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் பதிவு பெற்ற அந்த ஏஜென்ட் சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறார். கச்சிராயபாளையத்துப் பையனுக்குத் தெரிந்தவர் சப் ஏஜென்ட். அவர் மாமனாகவோ, முன்பு குவைத்தில் இருந்து திரும்பிய பக்கத்துத் தெரு அண்ணனாகவோ இருப்பார். சட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. நடைமுறையில் அவர் இல்லாமல் ஒரு அடி நகராது. முப்பதாயிரம் என்பது அவர் வாயில் லட்சக்கணக்காகிறது. நகை அடகுக் கடைக்குப் போகிறது, கரும்புப் பணத்தின் மேல் கடன் வாங்கப்படுகிறது, வட்டி மாத வட்டி. கட்டணத்துக்கு ரசீது கேட்டால் ‘நம்பிக்கை இல்லயா தம்பி’ என்ற பதில் வரும். உறவுக்காரரிடம் அதற்குமேல் கேட்க முடியாது.

அடுத்து வருவதுதான் அந்தச் ‘சுத்திப் போறது’. ஈசிஆர் சோதனை வேலை விசாவுக்கு மட்டும்தான். சுற்றுலாப் பயணியாகப் போகிறவனுக்கு அது பொருந்தாது. திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் கொஞ்சம் பணமும் காட்டினால் போதும். ஆகவே பையன் டூரிஸ்ட்டாகிறான். புதுச் சட்டை, ஓட்டல் முன்பதிவுத் தாள், ‘கேட்டா ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு’ என்ற பாடம். 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு முப்பது நாள் விசா இல்லா நுழைவு தந்த பிறகு அந்த வழி இன்னும் அகலமாகிவிட்டது. இறங்கிய பின் ஏதோ உணவகத்தில், பட்டறையில் வேலை. முப்பத்தோராவது நாளிலிருந்து அவன் அந்த நாட்டின் சட்டப்படி குற்றவாளி.

அவன் நேர்வழியில் போயிருந்தால் அரசுத் தளத்தில் முதலாளியின் பெயர் இருந்திருக்கும், ஒப்பந்தம் இருந்திருக்கும், காப்பீடு இருந்திருக்கும். சுற்றிப் போனதில் இவை மூன்றும் இல்லை. அவனைக் காப்பதற்கென்று எழுப்பிய சுவர், அது உயரமாக இருந்த காரணத்தாலேயே, அவனைப் பாதுகாப்பில்லாத பக்கம் தள்ளியிருக்கிறது. சுவரைக் கட்டியவர்களுக்குத் தெரியாதா? அவன் எந்த வழியாகப் போனான் என்பதற்கான முத்திரை அவர்களுடைய கவுன்ட்டரிலேயே குத்தப்பட்டிருக்கிறது.

அந்தப் பக்கத்துச் சங்கதி வேறு. வளைகுடாவில் விசா மனிதனோடு ஒட்டியது அல்ல, கஃபீலோடு ஒட்டியது. கஃபீல் என்றால் பொறுப்பேற்கும் முதலாளி. இக்காமா என்ற தங்கும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர். அவர் புதுப்பிக்காமல் விட்டால் சட்டத்தை மீறியவனாக நிற்பது தொழிலாளி. சவூதியில் ‘ஹுரூப்’ என்று ஒன்று உண்டு. ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளி பதிவு செய்துவிட்டால், சம்பளம் கேட்டுச் சண்டை போட்டவனும் ஓடிப்போனவனாகிவிடுவான். கத்தார் 2018இல் வெளியேறும் அனுமதிச் சீட்டைப் பெரும்பாலானோருக்கு நீக்கியது, 2020இல் வேலை மாற முதலாளியின் சம்மதம் வேண்டும் என்பதையும் எடுத்தது. உலகக் கோப்பைக் கால்பந்துக்காக உலகம் உற்றுப் பார்த்த நேரம் அது. சவூதி 2021 மார்ச்சில் சில தளர்வுகள் கொண்டுவந்தபோது வீட்டு வேலைக்காரர்களையும் கார் ஓட்டுநர்களையும் அதில் சேர்க்கவில்லை. நம் பக்கத்திலிருந்து ‘ஹவுஸ் டிரைவர்’ விசாவில் போகிறவர்கள் ஏராளம்.

மாட்டிக்கொண்டவனுக்கு எஞ்சியிருப்பது பொது மன்னிப்பு. ஒவ்வொரு நாடும் சில வருடங்களுக்கு ஒருமுறை அதைத் திறந்து மூடுகிறது. மலேசியா 2019இல் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 700 ரிங்கிட் கட்டிவிட்டு ஊர் போகலாம் என்றது. அமீரகம் 2024 செப்டம்பர் முதல் அந்த ஆண்டு முடியும்வரை அபராதமில்லாமல் விட்டது. அந்த மாதங்களில் தூதரக வாசலில் அவுட்பாஸுக்காகக் கூட்டம் நிற்கும். அது ஒருவழித் தாள். பாஸ்போர்ட் முதலாளி கையில் போய்விட்டவனுக்கும் தொலைத்தவனுக்கும் ஊர் திரும்ப மட்டும் உதவும். அதை வைத்துக்கொண்டு வந்திறங்கியவன் மறுவாரமே அடுத்த நாட்டுக்கு வழி கேட்பதும் உண்டு. அடகு நகை இன்னும் திரும்பவில்லையே.

பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு விவரம் தெரியும், ஏமாற மாட்டான் என்பதுதான் இந்தச் சட்ட நடைமுறையின் உள்ளுறை நம்பிக்கை. 2022இல் மியான்மரின் மியாவாடியில் அது உடைந்து சிதறியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டுப் போன இளைஞர்கள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு, ஆயுதக் காவலில் இணையமோசடி செய்யும்படி அடித்து வதைக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் தமிழர்கள் பதின்மூன்று பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அங்கே அடைபட்ட இந்தியர்களில் பலர் பட்டம் வாங்கியவர்கள், கணினி படித்தவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டில் எந்தச் சோதனை வரியும் இருக்க வழியில்லை. அரசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது கம்பி கட்டுகிறவனை. பொறி வைத்தவர்கள் பொறியாளர்களைத் தேடினார்கள்.

குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற பதவி புதியதல்ல. வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த அதிகாரி இருக்கிறார். அப்போது தென்னார்க்காடு, சேலம், திருச்சி மாவட்டங்கள் ஆள்பிடிக்கும் கங்காணிகளின் வயல். பிற்பாடு சிலோன் போகிறவர்கள் மண்டபம் முகாம் வழியாகவும், மலாயா போகிறவர்கள் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகவும் அனுப்பப்பட்டார்கள். அங்கே குளிப்பாட்டி, அம்மை குத்தி, எண் கொடுத்தார்கள். இன்று வளைகுடா மெடிக்கல் எடுக்கிற இடத்தில் நிற்கும் பையனைப் பார்க்கிறபோது, மார்பு எக்ஸ்ரேயில் ஒரு பழைய தழும்பு வந்து ‘அன்ஃபிட்’ ஆகிவிடுமோ என்ற அவன் பயத்தைப் பார்க்கிறபோது, முகாம் ஏர்கண்டிஷன் ஆனது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. இந்திய அரசு 1922இல் குடிபெயர்வுக்கு ஒரு சட்டம் செய்தது. 1938இல் மலாயாவுக்குத் தோட்டக்கூலிகளை உதவித்தொகையில் அனுப்புவதையே நிறுத்தியது. அங்கே கூலியை வெட்டியதுதான் காரணம். அனுப்புகிற நாடு நினைத்தால் பேரம் பேச முடியும் என்பதற்கு அது உதாரணம். அந்த முதுகெலும்பு பின்னாளில் எங்கே போயிற்று? 2020 செப்டம்பரில் வளைகுடாத் தொழிலாளர்களுக்குத் தானே நிர்ணயித்திருந்த குறைந்தபட்சச் சம்பளத்தை இந்திய அரசு தானே வெட்டியது. போட்டி நாடுகளிடம் வேலை போய்விடக் கூடாது என்றார்கள். எதிர்ப்புகளுக்குப் பிறகு மறு ஆண்டு ஜூலையில் பழைய நிலைக்குத் திரும்பியது.

அதற்கு முன்பு, 2018 ஜனவரியில், இன்னொரு யோசனை. ஈசிஆர்காரர்களின் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடலாம் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே படிக்காதவன் என்று தெரிய வேண்டுமாம்! கேரளத்திலிருந்து கிளம்பிய எதிர்ப்பில் அந்த மாதம் முடிவதற்குள் கைவிட்டார்கள். இப்படியொரு எண்ணம் ஓர் அலுவலகத்தில் பிறந்து, கோப்பாகி, கையெழுத்தும் வாங்கி வெளியே வர முடிந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

கேரளம் ‘நோர்க்கா’ என்று 1996இலேயே வெளிநாட்டு மலையாளிகளுக்கெனத் தனித்துறை அமைத்தது. தமிழ்நாட்டுக்கு அதைவிட மூத்த ஒன்று இருக்கிறது. 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், அரசே நடத்தும் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகமை. அதன் பெயரைச் சர்க்கரை ஆலை வாசலில் நிற்கும் பத்துப் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள். சப் ஏஜென்டின் கைபேசி எண் எல்லோருக்கும் மனப்பாடம். கோளாறு எங்கே என்று தேட இதைவிடப் பெரிய ஆய்வு தேவையில்லை.

சோதனையையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. முதலாளியைப் பதிவு செய்யச் சொல்வதும், ஒப்பந்தம் கேட்பதும், காப்பீடு கட்டாயமாக்குவதும் நல்லவை. அவை பள்ளிச் சான்றிதழ் இல்லாதவனுக்கு மட்டும் ஏன்? வேலைக்குப் போகிற எல்லோருக்கும் இருக்கட்டும், பொறுப்பு முழுவதும் ஏஜென்ட் தலையிலும் முதலாளி தலையிலும் இருக்கட்டும். 1983ஆம் ஆண்டின் சட்டத்தில், அனுமதியில்லாமல் போனவனுக்கும் பதிவில்லாமல் ஆள் பிடித்தவனுக்கும் ஒரே அளவு தண்டனை: இரண்டு வருடம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒரு ஆளை ஏமாற்றி வாங்கும் பணத்துக்கு முன்னால் அந்த இரண்டாயிரம் பேருந்துச் செலவு. மாற்றுச் சட்டத்துக்கு 2019இல் ஒரு வரைவு வந்தது, 2021இல் ஒன்று வந்தது, 2025இலும் ஒன்று வந்தது. குடிபெயர்வோர் பாதுகாவலரின் சென்னை அலுவலகம் கச்சிராயபாளையத்திலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மாதம் ஒருநாள் அவரோ அவருடைய ஆளோ கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கொண்டுவரும் விசாத் தாள் அசலா என்று பார்த்துச் சொன்னால் பாதி நகைகள் அடகுக்குப் போகாது. அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

இந்தக் கட்டுரையை மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளின் ஆசிரியர்கள் யாராவது படிக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் சேர்க்கும்போது குழந்தையின் பெயரையும் அப்பா பெயரையும் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறீர்களோ அதையே ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் எழுத்து மாறாமல் கொண்டுவாருங்கள். பிறந்த தேதியை நீங்களே போடாமல், பிறப்புச் சான்று வாங்க அந்தக் குடும்பத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்புங்கள். ஒன்பதாவதோடு நிற்கப்போகிற பையனிடம், தனித்தேர்வராகவேனும் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினால் பாஸ்போர்ட்டிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.